மஞ்சள் கழுவிய கன்னியம்மா

மகனே,

இதை எழுதுவது நான்தான். பக்கத்தில் யாரும் இல்லை. இதுவரை என் பேரில் உனக்கு வந்த கடிதங்களையெல்லாம் யார் யாரோ எழுதினார்கள். நான் சொல்லச் சொல்ல எழுதுவார்கள், முடித்ததும் படித்துக் காட்டுவார்கள். நான் சொன்னதைத்தான் எழுதினார்களா, எழுதாமல் விட்டதைப் படிக்கும்போது மட்டும் சேர்த்துக்கொண்டார்களா என்று எனக்கு ஒரு நாளும் நிச்சயம் இருந்ததில்லை. கேட்டால் கோபித்துக்கொள்வார்கள், அதனால் கேட்டதில்லை. இப்போது என் வாய்க்கும் உன் கண்ணுக்கும் நடுவில் என் கை மட்டும்தான் இருக்கிறது. இந்த வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டவனுக்கு இதைவிட என்ன சந்தோஷம் வேண்டும், சொல். ஒரு நாள் உட்கார்ந்தாலும் ஒரு பக்கம் நகர்வதில்லை. நகராவிட்டால் போகட்டும். கல்யாணப் பத்திரிகை அச்சாகி வருவதற்குள் உன் கையில் சேர்ந்தால் போதும்.

உன் மகளுக்கு நிச்சயம் செய்திருக்கும் இடத்தாரைப் பார்த்தேன். எதைச் சொன்னாலும் சிரிக்கிறார்கள், ஒன்றும் வேண்டும் என்று கேட்கவில்லை, ஆறிப்போன காபியைக் கொடுத்தபோதும் நன்றாக இருக்கிறது என்று குடித்தார்கள். எனக்கு அதுதான் சந்தேகம். நீ விசாரித்துவிட்டாய் என்றால் சரி. இன்னொரு தரம் விசாரித்தால் குறைந்துபோக மாட்டாய். அது கிடக்கட்டும். சித்தூரிலிருந்து போன் செய்தபோது நீ ஒன்று கேட்டாய். பத்திரிகை அச்சாகி வந்ததும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, முதல் பத்திரிகையைக் குலதெய்வத்தின் முன் வைப்பது நம் வீட்டு வழக்கம். நம் குலதெய்வம் கன்னியம்மா. ஆனால் எந்தக் கன்னியம்மா? பழைய கல் போன பிறகு நம் ஊர் ஏரிக்கரையில் செய்து வைத்த புதுக் கல்லா, திருப்பதி மியூசியத்தில் நிற்கிற பழைய கல்லா? ஊரார் புதுக் கல் என்கிறார்கள். உன் தங்கை மியூசியம்தான் என்று பிடிவாதமாக நிற்கிறாள். "நீ சொல்லு நைனா, நீ சொல்றதுதான் முடிவு" என்றாய். போன் கடைக்காரன் காதை இந்தப் பக்கமே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நம் வீட்டுச் சாமி விஷயம் அவனுக்கு எதற்கு என்று, எழுதுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நாம் நான்கு பேரும் அந்த மியூசியத்துக்குப் போன நாள் உனக்குப் பாதிதான் நினைவிருக்கும். நீ பள்ளிக்கூடம் சேராத பிள்ளை. தங்கைக்கு மூன்றாவது வயது நடந்துகொண்டிருந்தது. ஆந்திரா தனி ராஜ்யமாகிவிட்டது, ஆனால் அதன் எல்லை எங்கே முடிகிறது, மெட்ராஸ் ராஜ்யம் எங்கே தொடங்குகிறது என்று இன்னும் பேசி முடிக்கவில்லை. நம் விஜயபுரம் பக்கத்து ஊர்களெல்லாம் நடுவில் மாட்டிக்கொண்டன. ஒரு நாள் சங்கிலி பிடித்து அளப்பார்கள். இன்னொரு நாள் சட்டை போட்ட ஆள் வந்து, வீட்டில் என்ன பாஷை பேசுகிறீர்கள் என்று கேட்பான். எதற்குக் கேட்கிறான், தமிழ் என்றால் வரி கூடுமா, தெலுங்கு என்றால் நிலம் போகுமா, ஒருவருக்கும் தெரியாது. என்னிடம் ஒருவன் வந்து கேட்டபோது நான் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தேன். "நாங்க தமிழுதாங்க. மாடுங்களுக்குத்தான் தெலுங்கு. சந்தையில வாங்கினது" என்றேன். அவன் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டான். என்ன எழுதினான் என்று அன்றிரவு முழுவதும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த நாளில்தான் கன்னியம்மா காணாமல் போனாள். ஏரி மதகைப் பழுது பார்க்க ஆட்கள் வந்தார்கள். மதகுக்குப் பக்கத்தில் முழங்கால் உயரத்துக்கு நின்றவள் அவள். நாம் எல்லாரும் கடலை பிடுங்கப் போயிருந்த நேரத்தில் ஒரு அதிகாரி பார்த்து, இது ரொம்பப் பழைய கல், பத்திரமாக இருக்க வேண்டும் என்று லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பத்திரம் என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனதை நம்ப நாங்கள் என்ன சின்னக் குழந்தைகளா? கன்னியம்மா ஊர் எல்லையில் நின்று காப்பவள். ஆடி மாதம் பொங்கல் வைத்து, அவள் முன்னாலிருந்து புறப்பட்டு நாம் ஊரைச் சுற்றி வந்தால், சுற்றி வந்தது வரைக்கும் நம் ஊர். அப்படிப்பட்டவளை எந்த ராஜ்யத்துக்காரன் தூக்கிப் போனானோ ஊரும் அந்த ராஜ்யத்துக்குத்தான் போகும் என்று எங்களுக்குத் தோன்றியது. அளப்பதும் கேட்பதும் வெறும் வேஷம், காரியத்தை லாரியில் முடித்துவிட்டார்கள் என்று பேசிக்கொண்டோம். நீ படித்தவன், சிரிப்பாய். இன்றைக்கும் எனக்கு அது முழுப் பொய் என்று தோன்றவில்லை.

உன் அம்மாவுக்கு ராஜ்யத்தைப் பற்றிக் கவலை இல்லை. அவள் கவலை உன் தங்கையின் காது. நம் வீட்டில் பெண் பிள்ளைக்குக் காது குத்துமுன், கன்னியம்மாவுக்கு மஞ்சள் பூசி, அவள் மேல் இருந்த மஞ்சளையே தொட்டெடுத்துப் பிள்ளையின் காதுச் சோணையில் வைக்க வேண்டும். பிறகு மாமன் மடியில் உட்கார வைத்து, மஞ்சள் வைத்த புள்ளியில்தான் ஆசாரி குத்துவார். மூன்று வயது முடிவதற்குள் ஆக வேண்டும். சாமி இல்லாமல் எப்படி ஆகும்? திருமலைக்கு மொட்டை போடப் போய்வந்த ஒருவன், திருப்பதி மியூசியத்தில் நம் கன்னியம்மா உயரத்துக்கு ஒரு கல்லைப் பார்த்ததாகச் சொன்னதும், அவள் மூட்டை கட்டிவிட்டாள். எனக்கும் போக வேண்டியிருந்தது. நான் தனியாகப் போனால் எவனாவது பிடித்து, நீ எந்தக் கட்சி, எந்த ஊர், எதற்காக இந்தக் கல்லைப் பார்க்கிறாய் என்று கேட்பான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். பஸ் ஏறும்போது பக்கத்து வீட்டுக்காரி மியூசியத்தைச் செத்த காலேஜ் என்று சொல்லிக் கிண்டல் செய்தாள்: "கொழந்தைங்கள செத்த காலேஜிக்கு இட்டுக்கினு போறீங்களே, அங்க இன்னா கீது? பொணந்தான கீது?" உன் அம்மா, "உன் மாமியாரு எடம் கேட்டு வரச் சொன்னாங்க, அதான்" என்றாள்.

புத்தூரில் ரயில் ஏறித் திருப்பதியில் இறங்கினோம். மியூசியத்து வாசலில் காக்கிச் சட்டை போட்ட வாட்ச்மேன் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நம்மைப் பார்த்ததும் எழுந்தார். சும்மா பார்க்க வந்தவர்களைப் பார்த்து எதற்கு எழ வேண்டும் என்று எனக்கு அப்போதே பட்டது. "ஏ ஊரு மீதி?" என்று தெலுங்கில் நம் ஊரைக் கேட்டார். "புத்தூருங்க" என்றேன். நீ என் வேட்டியைப் பிடித்து இழுத்தாய்.

"நம்ப ஊரு புத்தூரு இல்லியே நைனா. அங்க ரயிலுதான ஏறனோம்?"

வாட்ச்மேன் உன்னையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "புள்ளைக்கு நல்லா வெவரம் கீது. பெரியவங்களுக்குத்தான் ஊரு மறந்துபூடுது" என்று தமிழில் சொன்னார். தெலுங்கில் கேட்டவர் எப்படி உடனே தமிழுக்கு வந்தார்? நம் பேச்சிலேயே ஊரைக் கண்டுபிடித்துவிட்டார். அதற்குப் பிறகு நாம் எந்தக் கல் முன்னால் நின்றாலும் அவர் அடுத்த தூண் பக்கத்தில் நின்றார். நான் உனக்குக் கதவையும் ஜன்னலையும் காட்டி, எப்படிக் கட்டியிருக்கான் பார் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். நீ பசிக்கிறது என்றாய்.

அந்தக் கல் சுவர் ஓரமாக, வேறு கற்களோடு வரிசையில் நின்றது. உயரம் சரி. அகலமும் ஏறக்குறைய சரி. ஆனால் முகம்? இங்கேதான் எனக்குக் கை கால் ஓடவில்லை. யோசித்துப் பார், நாம் யாராவது கன்னியம்மாவின் முகத்தைப் பார்த்திருக்கிறோமா? நம் தாத்தா காலத்துக்கும் முன்னாலிருந்து பூசிய மஞ்சளும் எண்ணெயும் ஒன்றின் மேல் ஒன்றாகக் காய்ந்து, அதற்கு மேல் சிவப்புச் சீலை சுற்றி, மாலை போட்டு, நாம் கும்பிட்டதெல்லாம் மஞ்சளும் சீலையும்தான். உள்ளே கல் எப்படி இருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. இங்கே அவளை நாரால் தேய்த்துக் கழுவி, மழித்த தலை போல வைத்திருந்தார்கள். உட்கார்ந்திருக்கும் பெண், மூக்கு நுனி உடைந்திருந்தது, கண் பெரிதாக இருந்தது. யாரோ ஒருத்தி. எனக்கு அவளைத் தெரியவில்லை. கல்லை மாற்றிவிட்டார்கள், நிஜமானதை வேறு எங்கோ அனுப்பிவிட்டு ஊரை ஏமாற்ற இதை வைத்திருக்கிறார்கள் என்று உன் அம்மா காதில் சொன்னேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "ஒரு மொழம் துணி கூட இல்லாம நிறுத்தி வெச்சிக்கீறானுங்களே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று பிறகு எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "பாத்தா தெரியாதா?" என்பாள். அவ்வளவுதான் பதில்.

அப்போதுதான் அந்தக் குடும்பம் வந்தது. துண்டு போட்ட ஒரு மனுஷன், அவர் மனைவி, உன் தங்கை வயதில் ஒரு பெண் குழந்தை. நேராக இந்தக் கல்லின் முன்னால் வந்து நின்று, அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கார்வேட்டிநகரத்துப் பக்கமாம். வீட்டுப் பேச்சு தெலுங்கு, ஆனால் தமிழும் வந்தது. எதற்கு நிற்கிறீர்கள் என்று அந்த மனுஷனைக் கேட்டேன். "இது எங்க ஊரு அம்மவாரு. செருவு கட்டமேல இருந்து தூக்கினு வந்துட்டாங்க" என்றார். அவர்கள் ஊர் ஏரிக்கரையிலும் ஒரு லாரி! எனக்கு உடம்பெல்லாம் சந்தேகமாகிவிட்டது. நம்மை அடையாளம் தெரிந்துகொண்டு யாராவது அனுப்பி வைத்த ஆளாக இருக்குமோ? கல் நம்முடையதில்லை என்று உன் அம்மாவிடம் அப்போதுதான் சொன்னவன், இன்னொருவன் கேட்டதும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. கல்லுக்கு முதுகைக் காட்டி, அதை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"உங்க அம்மனா? அப்ப பாக்காம சொல்லுங்க. கையில இன்னா கீது?"

அவர் கூரையைப் பார்த்து யோசித்தார். "கத்தி."

"கத்தி எல்லா அம்மன் கையிலயுந்தான் கீது. இது யாரும் சொல்லிடுவாங்க."

"சரி, நீ சொல்லு. காலுக்கு அடியில இன்னா?"

நான் காலைப் பார்க்கவில்லை. எருமை என்றேன். அவர் சிங்கம் என்றார். நான் எருமைத் தலை என்று திருத்தினேன். அவர் சிங்கம்தான், நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்றார். இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தோம். காலுக்கடியில் வெள்ளைப் பெயிண்டில் நம்பர் போட்டிருந்தது. வேறு ஒன்றும் இல்லை. அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவரும் மஞ்சளையும் சீலையையும்தான் கும்பிட்டிருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நானும் அப்படித்தான் என்று அவருக்கும் புரிந்திருக்கும்.

சத்தம் கேட்டு வாட்ச்மேன் வந்தார். நாங்கள் இரண்டு பேரும் அவரிடம் முறையிட்டோம். அவர் பக்கத்தில் இருந்த பலகையைக் காட்டி, எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள், படித்துக்கொள்ளுங்கள் என்றார். அப்போது எனக்கும் படிக்கத் தெரியாது, அந்த மனுஷனுக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்ல இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டு நின்றோம். அதற்குள் உன் அம்மா முந்தானை முடிச்சிலிருந்து மஞ்சளை எடுத்துக் குழைத்து அந்த நெற்றியிலும் கன்னத்திலும் பூசி, விரலால் திரும்ப எடுத்து, உன் தங்கையின் இரண்டு காதிலும் வைத்துவிட்டாள். அந்த அம்மாள் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் போனாள். அவர்கள் மஞ்சள் கொண்டுவர மறந்துவிட்டார்களாம். உன் அம்மா மீதி மஞ்சளைக் கொடுத்தாள். யார், எந்த ஊர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாட்ச்மேன் திரும்பியபோது கல்லின் முகம் முழுக்க மஞ்சளாக இருந்தது.

"இந்தக் கல்லு யாருதுன்னு இவ்ளோ நேரம் சண்ட போட்டீங்க இல்ல? இப்ப சொல்லுங்க. யாரு சாமியோ அவங்க ஆபீசுக்கு வாங்க."

நான் அந்த மனுஷனைக் காட்டி, "அவங்க சாமிங்க" என்றேன். அவர் என்னைக் காட்டி, "லேதண்டி, இவங்களோடது" என்றார்.

உன் அம்மா தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றாள். "எங்குது எங்குதுன்னு குதிச்சீங்களே. ஆபீசுன்னதும் அநாதையா பூட்டாளா அவ?" என்றாள். வாட்ச்மேனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆபீஸ் பேச்சை விட்டுவிட்டார். "வெள்ளிக்கிழம ஆனா யாராவது ஒருத்தர் பூசிட்டுப் போறீங்க, தொடைக்கறது நானு" என்று சொல்லி, ஈரத்துணி கொண்டுவந்து துடைத்தார். அவர் துடைத்ததை நான் கவனித்துப் பார்த்தேன். சம்பளத்துக்குத் துடைக்கிறவன் அப்படித் துடைக்க மாட்டான். காய்ச்சல்காரக் குழந்தையின் முகத்தைத் துடைப்பது போலத் துடைத்தார். துணியை மடித்து வாளியில் போடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அந்தத் துணியை எங்கே கொண்டுபோனார், அவர் வீட்டில் யாருக்குக் காது குத்தவிருந்தார்கள் என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான்.

வெளியே நிழலில் உட்கார்ந்து புளிச்சோற்றைப் பிரித்தோம். அவர்களும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். அந்த அம்மாள் ஒரு இலையில் வேர்க்கடலை உருண்டை கொண்டுவந்து கொடுத்தாள். முன்பின் தெரியாதவர்கள் கொடுப்பதைத் தின்னாதே என்று உன் அம்மாவிடம் கண்ணால் சொன்னேன். "அவ சாமிக்கு நம்ப மஞ்சளு ஆவுது, அவ உருண்ட நமக்கு ஆவாதா? நீ துன்னுடா" என்று உனக்குக் கொடுத்தாள். நீ தின்றுவிட்டு இன்னொன்று கேட்டாய். நான் தொடவில்லை. அந்த மனுஷனும் நம் புளிச்சோற்றைத் தொடவில்லை. ஊர்ப் பேரை நான் அவரிடம் சொல்லவில்லை. கார்வேட்டிநகரத்துப் பக்கம் என்பதற்கு மேல் அவரும் சொல்லவில்லை. சொன்னால் மற்றவன் ஊருக்கு வந்து ஏதாவது எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்று பயம். ஒரே ரயிலில், வேறு வேறு பெட்டியில் திரும்பினோம்.

ஊருக்கு வந்ததும் மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தினோம். புண்ணாகாமல் ஆறியது. பிறகு எல்லைக் கோடு போட்டு முடித்தார்கள். திருத்தணி மெட்ராஸ் பக்கம் போனது, நாம் ஆந்திராப் பக்கமே நின்றோம். கன்னியம்மா திருப்பதியில் இருக்கும்போது ஊர் வேறு எங்கே போகும் என்று ஊரில் சொன்னார்கள். ஏரிக்கரையில் புதுக் கல் செய்து வைத்தார்கள். அதைச் செய்தவன் தன் மச்சினி முகத்தைச் செதுக்கி வைத்துவிட்டான் என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. கும்பிடுகிறேன், ஆனால் மஞ்சள் நன்றாக ஏறிய பிறகுதான் கும்பிட முடிந்தது.

இப்போதுதான் படிக்கத் தெரியுமே, போய்ப் பலகையைப் படித்துப் பார்க்க வேண்டியதுதானே என்று கேட்பாய். உன் தங்கையோடு போனேன். பலகையில் தெலுங்கும் இங்கிலீஷும்தான் இருந்தது. நான் கற்றது தமிழ் எழுத்து. அவள் படித்துச் சொன்னாள்: அம்மன், கருங்கல், சித்தூர் ஜில்லா. எந்த ஏரி, எந்தக் கரை என்று இல்லை. நம் ஊரும் சித்தூர் ஜில்லா, அவர்கள் ஊரும் சித்தூர் ஜில்லா. எழுதி வைத்தவனுக்கும் தெரியவில்லை என்றதும் எனக்கு மனசு கொஞ்சம் நிறைந்தது.

உனக்கு நான் சொல்வது இதுதான். சந்தேகப்படுவது தவறு என்று யாராவது சொன்னால் அவனைச் சந்தேகப்படு. கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருந்தால் நம் நிலம் பாதி போயிருக்கும். ஆனால் சந்தேகம் தீர்ந்த பிறகுதான் காரியம் என்று உட்கார்ந்திருந்தால் உன் தங்கை இன்றைக்கும் மூளிக் காதோடு இருந்திருப்பாள். உன் அம்மா என் சந்தேகத்தை ஒரு நாளும் தடுத்ததில்லை, அது தீரும் என்று காத்திருந்ததும் இல்லை. நான் பார்த்துக்கொண்டே இருப்பேன், அவள் செய்துகொண்டே போவாள். உன் மகளுக்கும் இதைச் சொல்லி வை.

பத்திரிகைக்கு வருகிறேன். முதல் பத்திரிகையைத் திருப்பதிக்கே கொண்டுபோ. அந்தக் கல் நம் கன்னியம்மாதான் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. ஆகவில்லை, இனிமேல் ஆகவும் ஆகாது. அந்தக் கார்வேட்டிநகரத்து மனுஷன் சொன்னதே நிஜமாக இருக்கலாம் என்றுகூடச் சில நாள் தோன்றுகிறது. ஆனால் யாருடையவளாக இருந்தாலும் உன் தங்கையின் காது குத்துக்கு மஞ்சள் கொடுத்தவள் அவள். காது குத்துக்கு வந்தவர்களைக் கல்யாணத்துக்குக் கூப்பிடாமல் விடும் பழக்கம் நம் வீட்டில் கிடையாது. நம்மவளாக இருந்தால் மறந்துபோனாலும் பொறுத்துக்கொள்வாள், வீட்டு மனுஷி. அவர்களுடையவளாக இருந்தால்தான் நீ முதலில் போய் அழைக்க வேண்டும்.

உன் நைனா